இருபத்து மூன்று மொட்டைக் கடிதங்கள்

முதல் செய்தி வந்தபோது சிங்கப்பூரின் ஈசூன் எம்ஆர்டி நிலையத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். தெரியாத எண். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. "ஸ்டோரில் பூட்ஸ் எண்ணிக்கொண்டிருந்தவனெல்லாம் ராணுவத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டான். முதலில் உன் பிள்ளைக்குத் தமிழ் வருமா என்று பார்." பீஷான் தாண்டுவதற்குள் அதே எண்ணிலிருந்து இன்னொன்று. நியூட்டனில் இறங்கும்போது வேறோர் எண்ணிலிருந்து மூன்றாவது. அன்று அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அப்பா காலத்தில் இதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர். தபாலில் வரும், கீழே கையெழுத்து இருக்காது. இப்போது பெரும்பாலும் கைப்பேசியில் வருகிறது. ஐந்து வாரத்தில் எனக்கு வந்தவை 23. அவற்றில் ஒன்று மட்டும் நிஜமாகவே தாளில் எழுதி, நிகழ்ச்சி நடத்தியவர்களின் முகவரிக்கு வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இப்படிச் சில செய்திகள் வந்ததும் மேடையில் பேசுவதையே விட்டுவிட்டார்கள். ஒருவர் நல்ல ஆசிரியர். இந்த ஊரில் பொது இடத்தில் தமிழில் கருத்துச் சொல்ல வருகிறவர்களே கொஞ்சம் பேர்தான். அவர்களும் ஒதுங்கிக்கொண்டால் இழப்பு நமக்குத்தான்.

நடந்தது இதுதான். 2023 ஏப்ரல், தமிழ்மொழி விழா மாதம். ஒரு சமூக மன்றத்தில் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ராணுவ கேம்ப்பில் நான் பார்த்த மொழிப் பயிற்சியைப் பற்றிப் பேசினேன்.

அது எங்கள் வீட்டுக் கதையும்கூட. அப்பா தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். 1967இல்தான் ஆண்களுக்கான கட்டாய தேசிய சேவை, அதாவது ராணுவச் சேவை, தொடங்கியது. அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டில் அவர் போனார். வெவ்வேறு மொழிவழிப் பள்ளிகளில் படித்த பையன்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்த காலம். ஆங்கிலம் தெரியாத சீனப் பையன்களுக்கு, அவர்கள் பேசும் சீனக் கிளைமொழியின் பெயரில், ஹொக்கியன் பிளட்டூன் (சிறு படைப்பிரிவு) என்றே தனியாக இருந்தது. அப்பாவின் பிளட்டூனில் தமிழ் மட்டும் படித்தவர் அவர் ஒருவர்தான். மலாயில் வரும் கட்டளைகள் அவருக்கு நிம்மதி. கம்பத்தில் (கிராமத்தில்) வளர்ந்தவர், மலாய் நன்றாகப் பேசுவார். ஆங்கிலத்தில் விளக்கம் தொடங்கினால்தான் வியர்க்கும். "பக்கத்துல நிக்கிறவன் கையைப் பார்த்து அரை நொடி பிந்திச் செய்வேன். அந்த அரை நொடிக்காக எத்தனை தடவை திடலைச் சுற்றி ஓடியிருப்பேன் தெரியுமா?" என்பார்.

நான் 1999இல் போனேன். சாங்கியிலிருந்து படகில் புலாவ் தெக்கோங் பயிற்சித் தீவு. என் பக்கத்துப் படுக்கை தோ பாயோ பையனுக்கு. வீட்டில் ஹொக்கியன், வெளியில் மாண்டரின், ஆங்கிலம் தடுமாறும். இரவில் எம்16 துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது ஒவ்வொரு பாகமாகத் தூக்கிக் காட்டுவேன், அவன் ஆங்கிலத்தில் பெயர் சொல்ல வேண்டும். பதிலுக்கு அவன் எனக்கு "ஜியாக் பா புவே?" சொல்லிக் கொடுத்தான். சாப்பிட்டாயா என்று அர்த்தம். அடிப்படைப் பயிற்சி முடிவதற்குள் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டும் முறையைச் சார்ஜண்ட் முன்னால் ஆங்கிலத்தில் முழுதாக விளக்கிச் சொன்னான். இன்றும் தீபாவளியன்று அவனிடமிருந்து "சாப்டியா மச்சான்" என்று செய்தி வரும்.

இதையெல்லாம் மேடையில் சொன்னேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சொன்னேன்: ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் அது 3.3 விழுக்காடு. கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்ட பிறகு, தமிழ் பிழைத்திருப்பதற்கு வீடுதான் முதல் இடம். அப்புறம் அணிவகுப்பின் மலாய்க் கட்டளைகளைச் சொல்லி இப்படி முடித்தேன்: "செடியா, செனாங் டிரி, கெ கிரி பூசிங் எல்லாம் இரண்டே வாரத்தில் எங்கள் உடம்பில் ஏறிவிட்டது. வீட்டிலும் தமிழை அப்படிப் பயிற்சியாக்குங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னால் காதில் வாங்காதீர்கள். தமிழில் சொல்லும்வரை காத்திருங்கள்."

யாரோ அந்தக் கடைசி நாற்பது விநாடியை மட்டும் வெட்டிப் பகிர்ந்துவிட்டார்கள். மறுநாளே தொடங்கிவிட்டது.

அன்று இரவு நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். பதினொரு மணிக்குமேல் உட்கார்ந்து அந்த முதல் எண்ணுக்கு நீளமாகப் பதில் எழுதினேன். எந்த ஆண்டு சேர்ந்தேன், என்ன பதவி, சேவை முடிந்தும் எத்தனை வருடம் ரிசர்விஸ்ட் போனேன், எல்லாம். ஸ்டோர்மேன் என்றதுதான் சுட்டது. அதிலேயே ஒரு தப்பு இருந்தது. ஸ்டோரில் வேலை பார்த்தவரும் அதே இரண்டு, இரண்டரை வருடத்தைத்தான் கொடுத்தார். அதைச் சொல்லாமல், "நான் ஸ்டோர்மேன் இல்லை" என்று நிரூபிக்கப் போனேன். எந்தப் படைப்பிரிவு, வெளிநாட்டில் எங்கே என்ன பயிற்சி செய்தோம் என்றுகூட எழுதத் தொடங்கிவிட்டேன். பின்னால் வந்து நின்ற மனைவி, "என்னங்க, இதையெல்லாம் எழுதலாமா?" என்றாள். அதிகாரத்துவ ரகசியச் சட்டம் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பகுதியை அழித்தேன். மிச்சத்தை அனுப்பிவிட்டேன்.

காலையில் என் பதிலிலிருந்து இரண்டு வரியை மட்டும் படமெடுத்து, "சார்ஜண்ட் பதவியைக் காட்டி மிரட்டுகிறார்" என்று சுற்றுக்கு விட்டிருந்தார்கள்.

தேசிய சேவை செய்த நம் ஆண்கள் எல்லாருக்கும் இதைச் சொல்ல வேண்டும். "நீ என்ன செய்து கிழித்தாய்?" என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டால், உடனே நிரூபிக்கத் தோன்றும். அந்த வேகத்தில்தான் எழுதக்கூடாததை எழுதுவோம். நாம் சொன்ன கருத்து நம் பதவியை நம்பி நிற்கக்கூடாது. நிற்கிறது என்றால் அதை இன்னொரு முறை யோசிக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குமேல் இப்படி எதற்கும் பதில் எழுதுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். இன்றுவரை மாற்றவில்லை.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். யார் எழுதியது என்று தேட ஆரம்பித்தேன். "பூட்ஸ் எண்ணுகிறவன்" என்பது என்னோடு ரிசர்விஸ்ட் போன ஒரு நண்பர் அடிக்கடி சொல்லும் சொல். அவராகத்தான் இருக்கும் என்று மனதில் விழுந்துவிட்டது. இரண்டு வாரம் அவர் அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. கடைசியில் அவரே வீட்டுக்கு வந்து, "அண்ணே, உங்களைப் பத்தித் தப்பாப் பேசுறாங்க, நான் நாலு பேர்கிட்ட சண்டை போட்டுட்டேன், நீங்க ஏன் போனே எடுக்கலை?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

எனக்கு வழி காட்டியவர் ஓய்வுபெற்ற ஒரு வாரண்ட் ஆஃபிசர். தமிழர், எழுபதைத் தாண்டியவர். பணியில் இருந்தபோது எல்லாரும் கூப்பிட்ட மாதிரி இன்றும் நான் அவரை என்சிக் (மலாயில் ஐயா) என்றுதான் கூப்பிடுகிறேன். தோ பாயோவில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதுவரை வந்த எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். தே ஓ (பாலில்லாத தேநீர்) ஆறிப்போனது.

"எக்சர்சைஸ் முடிஞ்சதும் என்ன செய்வோம் தம்பி?"

"ஏஏஆர், என்சிக்."

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு ஏஏஆர் (ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவியூ) தெரியும். பயிற்சி முடிந்ததும் அசதியோடு அசதியாகத் தரையில் உட்கார்ந்து பேசுவோம். என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த தடவை என்ன மாற்றுவது. அந்த நேரத்தில் சாதாரணப் படைவீரனும் அதிகாரியின் தவற்றைச் சொல்லலாம்.

"அதில யார் சொன்னான்னு பார்க்க மாட்டோம். என்ன சொன்னான்னுதான் எழுதிக்குவோம். இதையும் அப்படியே செய். ஒரு நோட்டுப் புக் வாங்கிக்க."

வாங்கினேன். ஒவ்வொரு செய்தியையும் கையால் எழுதினேன். திரையில் பார்த்தால் படபடக்கும் ஒன்று, என் சொந்தக் கையெழுத்தில் பார்த்தபோது அவ்வளவு பயமுறுத்தவில்லை. அப்புறம் சிவப்புப் பேனாவால் வசவுகளை மட்டும் அடித்தேன். என் அம்மாவைப் பற்றியது, என் நிறத்தைப் பற்றியது, பதவியைப் பற்றியது எல்லாம் போயின. இப்படி அடித்து முடித்தபோது 16 செய்திகளில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. அவற்றுக்குப் பதில் தேவையில்லை என்று அப்போதே தெளிவாகிவிட்டது. ஒன்று மிரட்டல். மிச்சம் ஆறு. அந்த ஆறில் நான்கு கேள்விகள் இருந்தன.

மிரட்டலை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகளின் பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்று எழுதி, "கவனமாக இரு" என்று முடித்திருந்தார்கள். இதை விமர்சனமாக எடுத்துக்கொண்டு யோசிக்கக்கூடாது. பதில் எழுதவில்லை, அழிக்கவும் இல்லை. எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி படமெடுத்து வைத்துக்கொண்டு அன்றே போலீசில் புகார் கொடுத்தேன். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்க 2014இல் இங்கே தனிச் சட்டமே வந்தது. அந்த வழக்குகளுக்கென்று 2021இல் தனி நீதிமன்றமும் அமைத்தார்கள். பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். எனக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை, அந்த எண்ணிலிருந்து மறுபடி எதுவும் வரவில்லை. ஆனாலும் "சும்மா மிரட்டுவான், விடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கேட்காதீர்கள்.

சரி, அந்த நான்கு கேள்விகள்.

மலாய்க் கட்டளைகளை எடுத்துவிட்டுத் தமிழைக் கொண்டுவரச் சொல்கிறாயா என்பது ஒன்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை, நினைத்ததும் இல்லை. மலாய் நம் தேசிய மொழி. தேசிய கீதத்தையும் அதில்தான் பாடுகிறோம், அணிவகுப்பிலும் அதில்தான் திரும்புகிறோம், அதில் எனக்குப் பெருமை உண்டு. வெட்டிய துண்டைப் பார்த்தவர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார். இதற்கு ஒரு வாக்கியம் போதும்.

அடுத்தது ஒரு பெரியவர் எழுதியது மாதிரி இருந்தது, தமிழ் அவ்வளவு சுத்தம். "செடியா, செனாங் டிரி தெரிந்தால் மலாய் தெரிந்ததாகுமா? இந்த இரண்டரை ஆண்டில் கற்ற மலாயில் உங்களால் ஒரு கதை சொல்ல முடியுமா?" அன்று எனக்கு நினைவிருந்த கட்டளைகளை நோட்டில் எழுதிப் பார்த்தேன். இருபது சொல்கூடத் தேறவில்லை. அந்த வார இறுதியில் கேலாங் சிராய் சந்தையில் மீன் விற்கும் அம்மாவிடம், எனக்கு ஏன் இந்த மீன் வேண்டாம் என்று மலாயில் விளக்க முயன்றேன். முடியவில்லை. அப்பா இருந்திருந்தால் அவரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். அப்பாவின் மலாய் கம்பத்தில் விளையாடி, சண்டை போட்டு, பக்கத்து வீட்டில் சாப்பிட்டு வந்தது. என்னுடையது திடலில் வந்தது. அந்தப் பெரியவர் சொன்னது முழுக்கச் சரி. என் மேடைப் பேச்சிலேயே பதில் இருந்திருக்கிறது. தோ பாயோ நண்பன் ஆங்கிலம் கற்றது கட்டளையால் இல்லையே. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஏதோ சொல்ல ஆசைப்பட்டோம், அதனால் வந்தது. நானே சொன்ன கதையை நானே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

மூன்றாவது, "உன் பிள்ளைக்குத் தமிழ் வருமா?" முதல் செய்தியில் வந்த அதே கேள்விதான், வசவை அடித்த பிறகும் நின்றது. மகன் அப்போது உயர்நிலை நான்கு. தமிழ்த் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குவான். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் "காதில் வாங்காதீர்கள்" என்ற வரியே எனக்கு வந்தது. இதைப் பொதுவில் சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொல்லுங்கப்பா, ஆனா என் பேரைச் சொல்லாதீங்க" என்றான். தமிழில்தான் சொன்னான்.

நான்காவது, தாளில் வந்தது. நீல மையில், பழைய பாணிக் கையெழுத்தில், கோடு போட்ட தாள். பெயர் இல்லை. ஒரு அம்மா என்று மட்டும் தெரிந்தது.

தன் மகன் தேசிய சேவையில் இருந்தபோது முழங்கால் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். சோம்பல் என்று நினைத்துவிட்டார்கள். மருத்துவரிடம் அனுப்புவதற்குள் நாளாகிவிட்டது. இதை எழுதிவிட்டு, கடைசியில் இரண்டே வரி: "சொல்வதைக் கேட்காமல் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். வீட்டிலுமா பிள்ளை சொல்வதைக் கேட்காதே என்கிறீர்கள்?"

அதில் ஒரு வசவுகூட இல்லை. சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை. பயிற்சி கொடுக்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். "வலிக்குது சார்ஜண்ட்" என்று என்னிடமும் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரையும் முதல் தடவையிலேயே நம்பினேனா என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். நம்பவில்லை. ஒருவனுடைய முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முகவரி இல்லாதவருக்குப் பதிலை எங்கே அனுப்புவது? பேசிய இடத்திலேயேதான் சொல்ல வேண்டும் என்றார் என்சிக். நிகழ்ச்சி நடத்தியவர்களிடம் கேட்டேன். ஜூன் மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் தந்தார்கள்.

இந்தத் தடவை எழுதிக்கொண்டு போனேன். யாருடைய பதில் என்றாலும், வெட்டினாலும் பொருள் கெடாதபடி அரை நிமிடத்துக்குள் தனியாக நிற்கிற மாதிரி அமைத்தேன். நாற்பது விநாடியில் பட்ட அடியில் கற்றது அது. பெயர் சொல்லாமல் எழுதியவர்களைக் கோழை என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. சின்ன ஊர் இது. நம் சமூகம் அதைவிடச் சின்னது. பெயரோடு எழுத முடியாத காரணம் சிலருக்கு நிஜமாகவே இருக்கும். நான் தப்பாகச் சொன்னதை முதலில் சொன்னேன், என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டதைக் கடைசியில் வைத்தேன். வரிசையை மாற்றியிருந்தால் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவன் மாதிரி தெரிந்திருக்கும்.

அந்த அம்மாவுக்குச் சொன்னது இது: "பிள்ளை எந்த மொழியில் சொன்னாலும் முதலில் கேளுங்கள். ஏப்ரலில் நான் சொன்ன அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். கேட்ட பிறகு நீங்கள் தமிழில் பதில் சொல்லுங்கள்." சொல்லும்போது குரல் உடைந்தது, மறைக்கவில்லை.

தமிழைத் தினமும் வீட்டில் புழங்க வேண்டும் என்பதிலிருந்து நான் ஒரு அங்குலமும் பின்வாங்கவில்லை, அதையும் சொன்னேன். இப்போது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மகன் கால்பந்து ஆட்டத்தைத் தமிழில் விவரிக்கிறான். பாதிச் சொல் ஆங்கிலம்தான். நடுவில் திருத்த மாட்டேன். கோல் விழுந்த இடம் வரும்போது தமிழ் தானாக வேகம் பிடிக்கிறது.

கூட்டத்துக்குப் பிறகும் வசவு வந்தது, இரண்டு மூன்று. நோட்டில் எழுதவில்லை. அந்தச் சுத்தத் தமிழ்ப் பெரியவரிடமிருந்து எதுவும் வரவில்லை. கூட்டத்தில் எந்த வரிசையிலாவது உட்கார்ந்திருந்தாரா என்றும் தெரியாது, தேடவும் இல்லை.

ஜூலையில் நிகழ்ச்சி நடத்தியவர்கள் ஒரு உறையைக் கொடுத்தார்கள். அதே நீல மை, அதே கோடு போட்ட தாள். இந்தத் தடவையும் பெயர் இல்லை.

"கேட்டேன். அவனுக்கு இப்போது 31 வயது. முழங்கால் பரவாயில்லை. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் வலிக்கும் என்கிறான்."